மறதி நோயா? மனு நோயா?

வயது முதிர்ந்தால் கண் மங்கும், காது மந்தமாகும், நினைவும் சற்றே பின்தங்கும். இயற்கை அது. நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஆண்டில் பிறந்த இருவரில், ஒருவர் எண்பதைத் தொட்ட பிறகும் ஏடு படிக்கிறார், பேரனின் கணக்கைத் திருத்துகிறார், வழக்குமன்றத் தீர்ப்பைப் பற்றி வாதாடுகிறார். மற்றவர் எழுபதிலேயே தம் வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியாமல் தெருமுனையில் திகைத்து நிற்கிறார். முன்னவர் ஊரிலே வாழ்ந்தவர். பின்னவர் சேரியிலே வாழ்ந்தவர். ஓரிடத்தில் இப்படி நேர்ந்தால் தற்செயல் எனலாம். நாடு முழுதும், கடல் கடந்த நாட்டிலும், தராசு ஒரே பக்கம் சாய்ந்தால், அந்தத் தராசைப் பிடித்திருக்கும் கை எவருடையது என்று கேட்பதன்றோ பகுத்தறிவு?

கேட்டால், மூன்று விதமான பதில்கள் வருகின்றன. விதி என்கிறார் வைதீகர். பிறவியிலேயே மட்டமான மூளை என்று வெளியே சொல்லக் கூசி உள்ளே எண்ணுகிறார் நாகரிகம் படைத்தவர். "வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே!" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார் மூன்றாமவர். முதலிருவரைக் காட்டிலும் இந்த மூன்றாமவரால் விளையும் கேடே பெரிது. விதியையும் பிறவியையும் நம் இளைஞர்கள் பல முறை முறியடித்திருக்கிறார்கள். அலட்சியத்தைத்தான் எதிர்க்க ஆளில்லை.

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர்ச் சாலையில் சென்றால் அயோத்தியாப்பட்டணம். ஊரிலே கோதண்டராமர் கோயில். இலங்கையிலிருந்து திரும்பிய இராமனுக்கு, அயோத்தி சென்று சேர நேரமில்லாமல், இங்கேயே முடிசூட்டு விழா நடந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. பெயர்ப் பொருத்தம் அபாரம்! அயோத்தி மன்னன், தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகன் என்ற சூத்திரனின் தலையை வெட்டினான் என்று உத்தரகாண்டம் பெருமையோடு உரைக்கிறது. தலையை வெட்டியது அந்தக் காலம். தலைக்குள்ளே இருப்பதைச் சிறுகச் சிறுகத் தேயவிடுவது இந்தக் காலம். சேலம் மாவட்டத்து மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்பது 2011-ஆம் ஆண்டுக் கணக்கு. அவர்களுள் முதியோரின் கதையைத்தான் இங்கே பேசப் புகுகிறோம்.

முதலில் மருத்துவம் சொல்வதைக் கேட்போம். 'லான்செட்' மருத்துவ ஏடு அமைத்த அறிஞர் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், மறதி நோய்க்கு இட்டுச் செல்லும் பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகை, மது, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, உடலுழைப்பின்மை, உடற்பருமன். இவற்றை அகற்ற முடிந்தால் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு இந்நோய் வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள், தோழர்களே! கடைசி இரண்டை நீக்கிவிட்டுப் பார்த்தால், இது மருத்துவர் எழுதிய பட்டியலா, சேரியைச் சுற்றிப் பார்த்தவர் எழுதிய பட்டியலா என்று ஐயம் எழவில்லையா? பள்ளிக்கு அனுப்பப்படாதவர் யார்? விறகுப் புகையிலே கண்ணையும் நுரையீரலையும் கரைத்தவர் யார்? கல்லுடைக்கும் எந்திரத்துக்கும் விசைத்தறிக்கும் பக்கத்திலே நின்று செவியை இழந்தவர் யார்? கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்தவர் யார்? அழுத்தமும் சர்க்கரையும் இருப்பதையே, பக்கவாதம் வந்த பிறகு அறிந்துகொண்டவர் யார்? மதுக்கடைக்கு அன்றாடம் கூலியைக் கட்டியவர் யார்?

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள் என்று, முதுமை பற்றிய தேசிய நெடுங்கால ஆய்வின் ஒரு பகுதி 2023-இல் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்; நகரத்தைவிட நாட்டுப்புறத்தில் அதிகம்; படித்தவரைவிடப் படிக்காதவருக்கு அதிகம். அதே நெடுங்கால ஆய்வின் முதற் சுற்று, 2017-18-இல், நாற்பத்தைந்து வயதைக் கடந்த எழுபத்திரண்டாயிரம் பேருக்கு மேல் சந்தித்துக் கேட்டறிந்தது. அதன் நினைவுத் தேர்வுகளில் பட்டியல் சாதி, பழங்குடி முதியோரின் சராசரி மற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்தே நின்றது. இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு கல்வியில்லாமையால் வந்தது.

"அப்படியானால் சாதி அல்ல, கல்விதானே காரணம்?" என்று துள்ளி எழுவோர் உண்டு. நல்லது, கல்வியையே பேசுவோம்.

1947-இல் பிறந்த ஒரு குழந்தைக்கு 1953-இல் ஆறு வயது. அந்த ஆண்டில்தான், சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசகோபாலாச்சாரியார், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதிப் பொழுதில் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். சேலம் நகராட்சித் தலைவராக 1917 முதல் 1919 வரை இருந்தவர் அவர். நம் மாவட்டத்துத் தெருக்களை அறியாதவரல்லர். தோல் தைப்பவன் மகன் தோல் தைக்க, மலம் அள்ளுபவன் மகன் மலம் அள்ளக் கற்கவேண்டுமாம்! நாடு கொதித்தது. காமராசர் முதலமைச்சரானதும் 1954-இல் திட்டம் புதைக்கப்பட்டது. அதே 1954-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளைக் குழந்தைக்கும் கறுப்புக் குழந்தைக்கும் தனித்தனிப் பள்ளி என்பது அரசமைப்புக்கு முரண் என்று பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் ஆண்டுக்குச் சில மாதங்களே நடந்தன. பருத்தி எடுக்கும் பருவத்தில் அவர்கள் வயலிலே இருக்கவேண்டும் என்பது எசமானரின் வசதி. அங்கே அரை ஆண்டு, இங்கே அரை நாள். அளவுகோல் வேறு; அளந்த கை ஒரே குணம் படைத்தது.

அன்று ஆறு வயதுக் குழந்தையாக இருந்தவர் இன்று எண்பதை நெருங்குகிறார். திட்டம் ஓராண்டில் செத்தது உண்மை. ஆனால் அது பிறப்பதற்கு முன்பும், செத்த பின்பும், சேரிக் குழந்தைக்கு அரை நாள் பள்ளிகூட வாய்க்கவில்லை. பண்ணையத்தில் மாடு மேய்க்க விடப்பட்டது. பள்ளிக்குப் போனதுகளும் தனியே, கடைசியிலே, வாசற்படிக்கு வெளியிலே. எழுத்தறிவு மூளைக்கு ஒரு சேமிப்பு. இளமையில் போட்டுவைத்ததை முதுமையில் எடுத்துச் செலவிடுகிறோம். நோய் மூளையை அரிக்கத் தொடங்கினாலும், சேமிப்பு மிகுந்தவர் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறார் என்பது நரம்பியல் கண்ட உண்மை. சேமிக்க விடாமல் எழுபது ஆண்டுக்குமுன் கதவைச் சாத்தியவர்களின் வாரிசுகள், இன்று "கல்வியில்லாமைதான் காரணம், சாதியில்லை" என்கிறார்கள். கதவைச் சாத்தியது எது என்று நாம் கேட்கிறோம்.

கல்வியோடு கதை முடிந்துவிடவில்லை. நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் உடையவரும் அறியாத ஒரு கணக்கை, அந்த எழுத்தறியா மூளை அன்றாடம் போட்டது. எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கவேண்டும்? எந்தத் திருப்பத்தில் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும்? எவரைக் கண்டால் தோள் துண்டை இடுப்பில் கட்டவேண்டும்? தேநீர்க் கடையிலே எந்தக் குவளை தமக்கு உரியது? குடித்த பின் அதைக் கழுவி எங்கே கவிழ்க்கவேண்டும்? நிலக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையன் "டேய்" என்று அழைத்தால், "என்னங்க சாமி" என்று எந்தக் குரலில் ஏற்கவேண்டும்? ஒரு தப்புக் கணக்கு, முதுகிலே அடியாக விழும்; வைக்கோற்போரிலே தீயாக எரியும். அறுபது ஆண்டு இந்தக் கணக்கை ஓயாமல் போட்ட மூளையைப் பார்த்துத்தான் "மந்த புத்தி" என்கிறார்கள்! தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955-இல் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. சட்டங்கள் ஏட்டில் ஏறிய பின்னும், நாம் குறிப்பிடும் தலைமுறை தன் இளமையையும் நடுவயதையும் இந்தக் கணக்கிலேயே செலவழித்தது.

ஓயாத அச்சமும் அவமானமும் உடலை என்ன செய்யும்? ஆபத்து வந்தபோது சுரக்கவேண்டிய கார்டிசால் என்ற சுரப்பு, ஆபத்து நீங்காததால் அடங்காமல் சுரக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன, உறக்கம் கெடுகிறது, புதிய நினைவைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி பாதிக்கப்படுகிறது. அமெரிக்க அறிஞர் ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992-இல் இதற்கு ஒரு பெயர் சூட்டினார்: வெயிலிலும் மழையிலும் கிடந்த பாறை அரிக்கப்படுவதுபோல், இனவெறியின் நடுவே வாழ்ந்த உடல் வயதுக்கு முன்பே தேய்கிறது என்பது அவர் கருத்து. டேவிட் வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர், அன்றாட அவமதிப்பை அளக்க ஒரு வினாத்தாளே வகுத்து 1997-இல் வெளியிட்டார். மற்றவரைவிடக் குறைந்த மரியாதையோடு நடத்தப்பட்டீரா? உணவகத்தில் தரக்குறைவாகப் பரிமாறப்பட்டீரா? அறிவற்றவர் என்று எண்ணி நடத்தப்பட்டீரா? நம் இரட்டைக் குவளையை அவர் கண்டதில்லை. கண்டவர்போலக் கேட்டிருக்கிறார்!

1995-இல் தொடங்கிய கறுப்பினப் பெண்கள் உடல்நல ஆய்வு, 2020-இல் வெளியிட்ட முடிவு நம் கவனத்துக்கு உரியது. வேலையிலும் வீடு தேடுவதிலும் காவலரிடத்தும் இனப் பாகுபாட்டை மிகுதியாக அனுபவித்த பெண்கள், அதை அனுபவிக்காதவர்களைக் காட்டிலும், தங்கள் நினைவாற்றல் குன்றிவிட்டது என்று கூறும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. ஆல்சைமர் முதலிய மறதி நோய்கள் முதிய கறுப்பினத்தவரிடையே, முதிய வெள்ளையரிடையே காணப்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பது அந்நாட்டு ஆல்சைமர் சங்கத்தின் கூற்று. இரத்தத்திலே குறை என்றார்களா? சொல்லிப் பார்த்தார்கள். 1851-இல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், எசமானிடமிருந்து அடிமை தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்று கண்டுபிடித்து, அதற்குக் கிரேக்கத்தில் பெயரும் வைத்தார்! விடுதலை வேட்கையை நோய் என்ற அந்த மருத்துவமும், சேவகமே சூத்திரனின் தருமம் என்ற மனுவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

அவமதிப்பு ஆளைத் தொடர்கிறது. குடியிருப்போ ஆளை அடைத்தே வைக்கிறது. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தால் குறித்தது. சிவப்புப் பகுதிக்குக் கடன் இல்லை, கடன் இல்லாததால் வீடு இல்லை, வரி இல்லை, நல்ல பள்ளி இல்லை, பூங்கா இல்லை. நெடுஞ்சாலைகள் மட்டும் அங்கே தாராளமாகப் போடப்பட்டன, புகையைக் கொடுப்பதற்காக. வீட்டுவசதியில் பாகுபாட்டை 1968-இல் சட்டம் தடுத்தது. கோட்டை அழித்தார்கள், கோட்டுக்குள்ளே வாழ்ந்தவரின் நுரையீரலிலும் மூளையிலும் விழுந்த கோடு அழியவில்லை.

நமக்கோ வண்ணமே தேவைப்படவில்லை. ஊர் என்று ஒன்று, சேரி என்று ஒன்று. இடையிலே வயலோ ஓடையோ இடுகாடோ. இந்தியாவின் பதினைந்து இலட்சம் குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்த பொருளியலாளர் குழு ஒன்று, நம் நாட்டுப் பட்டியல் சாதியினர் ஒதுக்கப்பட்டு வாழும் அளவு, அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவர் ஒதுக்கப்பட்டிருக்கும் அளவுக்குச் சற்றே குறைவு என்று கண்டது. அவர்கள் செறிந்து வாழும் பகுதிகளில் பள்ளியும் மருத்துவ நிலையமும் குறைவு என்பதும் அதே ஆய்வு. ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்க 1978-இல் தமிழக அரசு தனிச் சட்டமே செய்தது, நல்ல நோக்கம்தான். எனினும் வீட்டுமனை ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் எங்கே? ஊரின் விளிம்பிலே, பள்ளத்திலே. ஊரையும் சேரியையும் ஒன்றாக்க 1990-களின் இறுதியில் சமத்துவபுரங்கள் எழுந்தன. எண்ணம் பெரிது, எண்ணிக்கை சிறிது.

இந்த இட அமைப்பு முதியவரின் மூளையை எப்படித் தொடுகிறது? நடக்கச் சொல்கிறார் மருத்துவர். நடந்தால் இரத்த ஓட்டம் சீராகும், நினைவு நிலைக்கும். எங்கே நடப்பது? சாக்கடை வழியும் சந்திலா, வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலையிலா, முறைத்துப் பார்க்கும் ஊர்த் தெருவிலா? நாலு பேரோடு பேசச் சொல்கிறார். நூலகம் ஊரிலே, கோயில் மண்டபமும் ஊரிலே. கோயிலை நாம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் போக விரும்புகிறவனைத் தடுக்கும் உரிமை எவனுக்கும் இல்லை. 2024 மே மாதம் இதே சேலம் மாவட்டத்தில், தீவட்டிப்பட்டியில், மாரியம்மன் கோயிலில் ஆதிதிராவிடர் நுழைவதுபற்றி எழுந்த தகராறில் கடைகள் கொளுத்தப்பட்டன. கடை எரிந்த இரவில் திண்ணையில் உறங்கிய முதியவருக்கு என்ன நினைவுக்கு வந்திருக்கும்? மறதி நோய்கூட அழிக்காத நினைவுகள் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில், ஆதிதிராவிடர் குடிக்கும் தொட்டி நீரிலே மலம் கலக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2-ஆம் நாள், அண்டை வீட்டு உயர்ந்த சுவர் மழையில் சரிந்து பதினேழு உயிர்களைக் குடித்தது. ஒதுக்குப்புறம் என்பது வெறும் திசையல்ல.

கொங்குப் பகுதியில் நகரைத் துப்புரவு செய்தவர் பெரும்பாலும் அருந்ததியர். கழிவுத் தொட்டியிலே இறங்கிய பலர் மாண்டனர். மீண்டவரைப் பற்றிப் பேசுவார் இல்லை. அங்கே உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு மூளைக்கு உயிர்வளி செல்லாமல் தடுப்பது. மயங்கி எழுந்தவருக்கு நினைவுக் குறைவு பின்தொடர்வதை மருத்துவம் அறியும். 1993-இலும் 2013-இலும் தடைச் சட்டங்கள் வந்தன. 2009-இல் அருந்ததியர்க்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. பேரன் படிக்கிறான், மகிழ்கிறோம். பாட்டனின் மூளை எந்த ஒதுக்கீட்டில் திரும்பும்?

ஐயுறுவோர்க்கு இன்னொரு சான்று. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசச் சிற்றூர்ச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதை விளையாட்டுக் கொடுத்தார்கள். சாதி தெரியாமல் ஆடியபோது, உயர்ந்த சாதிப் பையனும் தாழ்த்தப்பட்ட பையனும் ஏறத்தாழச் சமமாகத் தீர்த்தார்கள். பெயரையும் சாதியையும் எல்லார் முன்னும் உரக்கப் படித்த பிறகு ஆடவிட்டபோது, தாழ்த்தப்பட்ட பையன் பின்தங்கினான். அதே மூளை, அதே புதிர், இடையிலே ஒரே ஓர் அறிவிப்பு! 2006-இல் இது அச்சேறியது. சில நிமிட அறிவிப்பு ஒரு சிறுவனை இத்தனை தடுமாற வைக்குமானால், எழுபது ஆண்டு ஓயாத அறிவிப்பு என்ன செய்யும்?

"அமெரிக்கக் கறுப்பரையும் நம் சேரியையும் ஒப்பிடலாமா?" என்று கேட்பவர், 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கிய சோதிராவ் புலேயையும், 1946-இல் கறுப்பினப் பேரறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதிய அம்பேத்கரையும் கேட்கட்டும். வேறுபாடுகள் உண்டு. அங்கே தோலைப் பார்த்தால் தெரியும். இங்கே தெருவைக் கேட்டால் தெரியும். உடலுக்குள்ளே சென்ற பின் கார்டிசால் இந்த வேறுபாட்டை அறியாது.

சோதிக்கும் முறையிலும் சூழ்ச்சியில்லாத ஓர் அநீதி இருக்கிறது. உலகெங்கும் பரவிய நினைவுத் தேர்வு 1975-இல் அமெரிக்காவில் உருவானது. வாசி, எழுது, படம் வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இன்று தேதி என்ன என்று அது கேட்கும். எழுத்தறியாத் தாய் என்ன செய்வாள்? நோயில்லாமலே தோற்பாள், அல்லது, "இவர்களுக்கு எப்போதுமே இப்படித்தான்" என்று நோய் வந்த பிறகும் கவனிக்கப்படாமல் போவாள். இந்தக் குறையைக் கண்டு, 1990-களில் பல்லப்கரில் எழுத்தறியாதவர்க்கான இந்தித் தேர்வை வகுத்தார்கள். உலக மறதி நோயாளிகளில் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் வளரும் நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதில்லை என்று இடித்துரைக்க, '10/66' என்றே பெயரிட்டுக்கொண்ட ஆய்வுக் குழு, சென்னையிலும் வேலூரிலும் பணி செய்தது. வழி தெரியாமலில்லை. அந்த வழி வேலூரிலிருந்து அயோத்தியாப்பட்டணம் ஒன்றியத்துக்கு வந்து சேரவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

இனி நம்மவரிடமும் சில சொற்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். கை தட்டினோம். இழிவுச் சொல் ஒழியவேண்டியதே. பெயர்ப்பலகை மாறும் தெருவிலே சாக்கடைக்கு மூடியும் இரவுக்கு விளக்கும் வந்தாகவேண்டும் என்று உடனே கேட்டோமா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி மாத்திரை கொண்டுசெல்கிறது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தரும் அந்த மாத்திரை மூளைக்கும் காவல், மனமாரப் பாராட்டுகிறோம். பெருமை பேசும் மேடைகளிலே கூட்டம் சேர்க்கும் இளைஞர்கள், அந்த ஊழியர் தம் ஊர்ச் சேரிக்கு மாதந்தோறும் வருகிறாரா என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

கிளைத் தோழர்களுக்கு நாம் இடும் வேலை சிறியது. உங்கள் ஒன்றியத்துச் சேரிகளில் அறுபது கடந்தவர்களின் பட்டியலை வீடு வீடாக எடுங்கள். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, கண்ணாடி இருக்கிறதா, அழுத்தம் பார்த்து எத்தனை மாதமாயிற்று, முதியோர் உதவித்தொகை கைக்கு வருகிறதா என்று கேளுங்கள். வந்த வழி மறப்பவர், பேரன் பெயர் மறப்பவர் இருந்தால், "வயசாச்சு" என்று வீட்டார் சொல்வதோடு திரும்பிவிடாதீர்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளைக் கேட்டறிந்து அழைத்துச் செல்லுங்கள். சேரித் திண்ணையிலே ஏடு படித்துக் காட்டுங்கள். அவர்கள் கதையையும் கேளுங்கள். அவர்களை "வாங்க, போங்க" என்று அழையுங்கள், ஊர்த்தெருவிலும், உரக்க. பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். முதலில் அயோத்தியாப்பட்டணத்துப் பட்டியல் வரட்டும். நம் ஏட்டில் எண்ணிக்கையை, பெயர்களின்றி, வெளியிடக் காத்திருக்கிறோம்.